தடைபட்ட பாட்டும் தளராத குரலும்

1985-ஆம் ஆண்டு. அயர்லாந்தின் தலைநகரான டப்ளின். உயர்நீதிமன்றம் கூடியிருக்கிறது. வழக்குரைஞர்கள் சட்ட நூல்களைப் புரட்டுகின்றனர். நீதிபதி செவிசாய்க்கிறார். அங்கே ஆராயப்படும் குற்றம் எது? கொள்ளையா? இல்லை. கொலையா? இல்லை. கள்ள நாணயமா? அதுவும் இல்லை. ஒரு பாட்டு!

ஆம், தோழர்களே! ஒரு பாட்டு நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டது. அது நீதிமன்ற அவமதிப்பு என்று முடிவாயிற்று. அந்தப் பாட்டைத் தாங்கிய இசைத்தட்டு கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பாட்டை நீக்கி, அந்த இடத்தில் வேறொரு பாட்டைச் சேர்த்து, மறுபடியும் இசைத்தட்டு அச்சிடப்பட்டது.

பாட்டை எழுதிப் பாடியவர் கிறிஸ்டி மூர். பாட்டின் பெயர், ‘அவர்கள் வீடு திரும்பவேயில்லை’ என்பது. திரும்பாதவர்கள் யார்? ஏன் திரும்பவில்லை? அதைச் சொன்ன நாவை ஏன் அடக்க வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு விடை காண வேண்டுமானால், பாடகரின் வாழ்வையும் அவர் பாட்டைப் பெற்ற வழியையும் முதலில் அறிய வேண்டும்.

வரலாற்றுப் பாடம் நடத்தும் நாம், மன்னர்களின் பெயர்களையும் போர்களின் ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதுகிறோம். மாணவர்களும் எழுதிக் கொள்கின்றனர். பட்டினியால் மாண்டவன் பெயரை எழுதுவதில்லை. கப்பலேறிப் போன கூலியின் பெயரை எழுதுவதில்லை. அவர்களுக்குக் கல்வெட்டு இல்லை, பட்டயம் இல்லை. அவர்களுக்கு உள்ளது பாட்டு ஒன்றே. அயர்லாந்து அதற்குத் தக்க சான்று. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது, பஞ்சம் தொடர்ந்தது. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். மேலும் பத்து இலட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். அந்தத் துயரத்தை ஊர்தோறும் சுமந்து சென்றவை சந்தையில் விற்கப்பட்ட ஒற்றைத்தாள் பாட்டுகள். ஆட்சியைக் குறை கூறும் பாட்டைத் தெருவில் பாடியவரைக் காவலர் பிடித்துச் சென்றதும் அந்நாட்டின் 19-ஆம் நூற்றாண்டு வரலாற்றில் உண்டு. பாட்டைக் கண்டு அதிகாரம் அஞ்சியது 1985-இல் தோன்றிய புதுமை அன்று, பழைய நோய்!

•

கில்டேர் மாவட்டத்தில், லிஃபி ஆற்றங்கரையில் உள்ளது நியூபிரிட்ஜ் என்னும் ஊர். அங்கே 1945 மே 7-இல் பிறந்தார் கிறிஸ்டி மூர். தந்தை மளிகைக் கடை நடத்தியவர். 1956-இல், மகனுக்குப் பதினொரு வயதிருக்கும்போது, அவர் மறைந்தார். குடும்பப் பாரம் தாயின் தோளில் விழுந்தது. கிளான்சி சகோதரர்களும் டாமி மேக்கமும் பாடிய நாட்டுப் பாடல்கள் அக்காலத்தில் கடல் கடந்து அமெரிக்காவில் புகழ் பெற்று, அந்தப் புகழோடு அயர்லாந்துக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தன. பாட்டனும் பாட்டியும் அடுப்படியில் முணுமுணுத்த பாட்டு, பெருமையோடு மேடையில் நிற்கக் கூடியது என்பதை இளைஞர்கள் அறிந்தனர். அவர்களுள் ஒருவர் மூர்.

பள்ளி முடித்தவருக்கு வங்கியில் எழுத்தர் வேலை கிடைத்தது. மேசை, பேரேடு, மாதச் சம்பளம், முதுமையில் ஓய்வூதியம்! நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஊரார் அப்படித்தான் எண்ணியிருப்பர். ஆனால் 1966-இல் வங்கி ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வாரக்கணக்கில் வங்கிக் கதவுகள் மூடிக் கிடந்தன. கையில் வேலையில்லாத இளைஞர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். வேலைநிறுத்தம் முடிந்தது, வங்கிகள் திறந்தன, எழுத்தர் மட்டும் திரும்பவில்லை!

இங்கிலாந்தில் அவர் கண்டது என்ன? சாலை போட்டவன் ஐரிஷ்காரன். சுரங்கப்பாதை தோண்டியவன் ஐரிஷ்காரன். வானளாவிய கட்டடத்துக்குச் செங்கல் சுமந்தவன் ஐரிஷ்காரன். மாலையானால் தங்குவதற்கு அறை தேடி அலைந்தவனும் அவனே! மூரும் பகலில் உடலுழைப்பு வேலைகள் செய்தார். இரவில் நாட்டுப்பாடல் மன்றங்களில் பாடினார். இவான் மக்கால் என்னும் பாடகரும், ஸ்காட்லாந்தின் ஹேமிஷ் இம்லாக்கும் அக்காலத்து மன்றங்களில் பெயர் பெற்றிருந்தனர். தொழிலாளியின் வாழ்க்கையே பாட்டுக்குப் பொருளாகலாம் என்ற எண்ணம் அந்த மன்றங்களில் வேரூன்றியிருந்தது. அங்கே பயின்றவர் 1969-இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். அச்சிட்டவை 500 படிகள் மட்டுமே. எழுத்தாளர் டொமினிக் பீஹன் அதனை உருவாக்கித் தந்தார்.

500 படிகள்! இன்று அது சிறிய எண்ணாகத் தோன்றும். விதை எப்போதும் சிறியதுதானே!

•

இனி நாம் மற்றொரு மனிதரைச் சந்திக்க வேண்டும். மூரின் கதையை எழுதுவோர் அவரை ஓரிரு வரிகளில் கடந்து விடுவர். நாம் அவ்வாறு கடக்க விரும்பவில்லை.

அயர்லாந்தில் ‘டிராவலர்’ எனப்படும் மக்கள் உள்ளனர். ஊர் ஊராகச் சென்று தகரப் பாத்திரம் செய்தும், ஓட்டை அடைத்தும், குதிரை வாங்கி விற்றும் பிழைத்தவர்கள். சாலையோரத்தில் கூடாரம், மூடுவண்டியே வீடு. ஊரார் அவர்களைக் கண்டால் முகம் சுளித்தனர். கடைக்காரன் கதவை அடைத்தான். காவலன் ‘கிளம்பு, கிளம்பு’ என விரட்டினான். 1963-இல் அரசு அமைத்த குழு ஒன்று அறிக்கை தந்தது. அது அவர்களை ஒரு மக்களாகக் காணவில்லை. தீர்க்க வேண்டிய சிக்கலாகக் கண்டது. தனி இனக்குழு என்ற ஒப்புதலை அயர்லாந்து அரசு அவர்களுக்கு வழங்கியது 2017 மார்ச்சு 1-இல்தான்!

அந்த மக்களுள் ஒருவர் ஜான் ரைலி. ராஸ்காமன் மாவட்டத்தில் பாய்ல் என்னும் ஊரில் வறுமையில் வாழ்ந்தவர். சொத்து இல்லை, சுகம் இல்லை, ஊரில் மதிப்பும் இல்லை. ஆனால் அவர் நினைவில் ஒரு கருவூலம் இருந்தது. பாட்டுகளின் கருவூலம்! நாட்டுப்பாடல் சேகரிப்பாளரான டாம் மன்னலி அதைக் கண்டறிந்து ஒலிநாடாவில் பதிந்தார்.

ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு, 1882 முதல் 1898 வரை, 305 கதைப்பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். அத்தொகுப்பில் 21-ஆம் எண்ணுள்ள கதைப்பாடல், மக்கள் நாவிலிருந்து ஏறத்தாழ மறைந்து போயிற்று என்றே அறிஞர்கள் கருதினர். அது மறையவில்லை! நூலகத்தின் இரும்புப் பெட்டியில் அன்று, பாய்லில் ஓர் ஏழையின் தொண்டையில் உயிரோடு இருந்தது. பல்கலைக்கழகம் இழந்துவிட்டதாக எண்ணிய செல்வத்தை, ஊரார் உள்ளே விடாத மனிதர் காத்து வைத்திருந்தார்.

எண்ணிப் பாருங்கள். கலையின் காவலர் என்று தம்மைத் தாமே புகழ்ந்து கொள்வோர் எத்தனை பேர்! அவர்கள் காக்காததை இவர் காத்தார். அதற்குக் கிடைத்த பரிசு? பொன்னாடையா? பொற்கிழியா? 1969-இல் வறுமையிலேயே மாண்டார் ஜான் ரைலி. அவர் பாடிய பாடல்கள் தனி இசைத்தட்டாக வெளிவந்தது அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1978-இல்!

ரைலியின் பாடல்களை ஏற்றுப் பல்லாயிரவர் செவிக்குக் கொண்டு சேர்த்தவர் கிறிஸ்டி மூர். எங்கிருந்து பெற்றேன் என்பதை அவர் மறைக்கவில்லை. பாட்டை எடுத்துக் கொண்டு பாட்டுக்காரனைப் புதைத்து விடும் வழக்கத்துக்கு நடுவே, இது சிறிய நேர்மை அன்று.

•

1971-இல் மூர் நண்பர்களைக் கூட்டினார். கில்டேர் மாவட்டத்தில் ‘பிராஸ்பரஸ்’ என்றொரு சிற்றூர். ‘செழிப்பு’ என்பது அப்பெயரின் பொருள். அங்கே அவருடைய சகோதரி குடும்பம் வாழ்ந்த பழைய வீட்டின் நிலவறையில் பாடல்கள் பதியப்பட்டன. ஊரின் பெயரையே தாங்கி 1972-இல் இசைத்தட்டு வெளிவந்தது.

அதிலே என்ன இருந்தது? ரைலி காத்த நாடோடிக் கதைப்பாடல் இருந்தது. அதன் முடிவோடு இணைத்து, 17-ஆம் நூற்றாண்டின் யாழிசைக் கலைஞர் ருவரி டால் ஓ காஹன் ஆக்கியதாகக் கூறப்படும் பண் ஒன்று இசைக்கப்பட்டது. ‘உன் கையைத் தா’ என்பது அப்பண்ணின் பெயர். 1916-இல் சுட்டுக் கொல்லப்பட்ட தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கானலியைப் பற்றிய பாட்டு இருந்தது. 1914 ஏப்ரல் 20-இல் அமெரிக்காவின் கொலராடோவில், லட்லோ என்னுமிடத்தில், வேலைநிறுத்தம் செய்த நிலக்கரித் தொழிலாளரின் கூடாரங்களைப் படையினர் தாக்கித் தீயிட்டனர்; குழந்தைகளும் மாண்டனர். அதைப் பற்றி வுடி கத்ரி இயற்றிய பாட்டும் இருந்தது.

பழைய யாழ்ப்பண் ஒருபுறம். சுரங்கத் தொழிலாளியின் குருதி ஒருபுறம். இரண்டுக்கும் என்ன உறவு என்று கேட்பார் உண்டு. உறவு உண்டு! சொல்ல வேண்டியதைச் சொல்லத் துணிந்த நாவே அந்த உறவு.

இந்த இசைத்தட்டில் கூடிய நண்பர்களுள் மூவரும் மூரும் சேர்ந்து ‘பிளாங்ஸ்டி’ என்னும் குழுவாயினர். மூரின் ஊர்க்காரரான டோனல் லன்னி, ஆண்டி இர்வைன், லியம் ஓ ஃப்ளின் ஆகியோரே அம்மூவர். கரோலன் என்னும் பார்வையற்ற யாழ்ப்புலவர் (1670–1738) தம்மை ஆதரித்தோரைப் பாராட்டி ஆக்கிய இசைக்குப் ‘பிளாங்ஸ்டி’ என்பது பெயர். பெயர் பழையது, செய்கை புதியது! முழங்கையால் காற்றை அழுத்தி வாசிக்கும் ஐரிஷ் பைக்குழலை ஓ ஃப்ளின் ஊதினார். அதன் அருகே கிரேக்க நாட்டின் புசூக்கி ஒலித்தது, மாண்டலின் ஒலித்தது, மூரின் கித்தாரும் பௌரான் என்னும் தோற்பறையும் ஒலித்தன. கிரேக்கக் கருவி ஐரிஷ் இசையில் புகலாமா? மரபு கெடாதா? நாம் திருப்பிக் கேட்கிறோம்: கித்தார் மட்டும் அயர்லாந்தின் மண்ணிலா முளைத்தது? மரபு என்பது பூட்டிய பெட்டியாக இருந்தால் புதிய காற்று அதனைக் கெடுக்கும். ஓடும் ஆறாக இருந்தால், வந்து சேரும் ஓடையெல்லாம் அதனைப் பெருக்கும்.

1973-இல் பிளாங்ஸ்டி இரண்டு இசைத்தட்டுகளை வெளியிட்டது. இரண்டாவதன் பெயர் ‘பள்ளத்தாக்கின் கிணறு’. சைல்டு தொகுப்பின் 21-ஆம் பாடல், ரைலியின் நாவில் வாழ்ந்த பாடல், அதுதான்! அதன் கதையைக் கேளுங்கள்.

கிணற்றடியில் ஒரு பெண். வழிப்போக்கன் ஒருவன் நீர் கேட்கிறான். பேச்சு வளர்கிறது. அவள் பெற்றுப் புதைத்த குழந்தைகளைப் பற்றி அவன் பேசுகிறான். அந்தக் குழந்தைகளின் தந்தையர் யார்? அவள் வீட்டு ஆண்களே! கேட்டவர் நெஞ்சு நடுங்கும் செய்தி இது. பாட்டின் முடிவில் தண்டனை கூறப்படுகிறது. யாருக்கு? அந்த ஆண்களுக்கா? இல்லை! அவளுக்கு! ஆண்டுக்கணக்கான தண்டனை, இறந்தபின் நரகம், எல்லாம் அவளுக்கே!

இப்பாட்டைப் பழமையின் பெருமைக்காகப் போற்றினால் நாம் பகுத்தறிவாளர் ஆகமாட்டோம். இதில் உள்ள நீதி, அநீதி. ஆனால் இதில் உள்ள செய்தி, உண்மை. வீட்டுக்குள் நடப்பதை வீட்டுக்குள்ளேயே புதைத்த சமுதாயத்தில், பாட்டு ஒன்றுதான் அந்தப் புதைகுழியைச் சுட்டிக் காட்டிற்று. பழம்பாட்டைப் பாடுவது அதன் தீர்ப்பை ஏற்பதற்காக அன்று; அதன் சாட்சியத்தைக் கேட்பதற்காக.

•

பாட்டில் உள்ளது பழங்கதை. அக்காலம் மலையேறிப் போயிற்று என்பாரும் உண்டு. அவர்களுக்கு 1984-ஆம் ஆண்டு விடை கூறுகிறது.

அந்த ஆண்டு சனவரி 31. தீவின் நடுப்பகுதியில், லாங்ஃபோர்டு மாவட்டத்தில், கிரனார்டு என்னும் சிற்றூர். பதினைந்து வயதுப் பள்ளிச் சிறுமி. கருவுற்றிருந்தாள். உதவிக்கு யாருமின்றி, குளிரிலே, மாதா சிலை நிற்கும் கற்குகை அருகே, தன்னந்தனியே குழந்தையைப் பெற்றாள். குழந்தை இறந்தது. அவளும் இறந்தாள்.

மாதா சிலை இருந்தது. மன்றாட்டு இருந்தது. மணியோசை இருந்தது. ஒரு மருத்துவச்சி இல்லை! அன்பாக ஒரு சொல் கேட்க அவள் அஞ்சாமல் போகக்கூடிய ஒரு வீடு இல்லை! கன்னித்தாயை வணங்கிய ஊரில், தாயாகிய கன்னிக்கு இடமில்லை. அச்செய்தி வெளிவந்ததும் அயர்லாந்தின் பெண்கள் வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்குக் கடிதங்களை எழுதிக் குவித்தனர். ‘எனக்கும் இவ்வாறு நேர்ந்தது, இத்தனை ஆண்டுகள் யாரிடமும் கூறவில்லை’ என்னும் பொருள்பட எழுதினர். புதைகுழிகள் ஒன்றல்ல, பல!

மூர் இதனைப் பாட்டாக்கினார். நைஜல் ரோல்ஃபுடன் இணைந்து எழுதிய ‘தீவின் நடுவிலே’ என்னும் அப்பாட்டு, 1989-இல் ‘வாயேஜ்’ என்னும் இசைத்தட்டில் வந்தது. உடன் பாடியவர் சினேட் ஓ கானர். ரைலியின் கிணற்றடிப் பெண்ணையும் கிரனார்டின் சிறுமியையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். இடையே பல நூற்றாண்டுகள். நடுவில் இருக்கும் மௌனம் ஒன்றே! பழைய பாட்டை வெறும் அழகுக்காகப் பாடியவர் புதிய துயரத்தைக் காணமாட்டார். பழைய பாட்டு ஏன் பிறந்தது என்று உணர்ந்தவர், புதிய பாட்டை எழுதாமல் இருக்கமாட்டார்.

மூருடைய தொழிலின் சூத்திரம் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

அவர் பாடியவை அனைத்தும் அவர் எழுதியவை அல்ல. அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட பாடல்களிற் பல பிறருடையவை. ‘ரைடு ஆன்’ ஜிம்மி மெக்கார்த்தி எழுதியது. வேலை பறிபோன தொழிலாளியின் குரலாக ஒலிக்கும் ‘சாதாரண மனிதன்’, இங்கிலாந்தின் பீட்டர் ஹேம்ஸ் எழுதியது. பஞ்சத்தால் சிக்காகோ சென்றவர்களின் பாட்டு, மூரின் தம்பி எழுதியது. லூக்கா புளூம் என்ற பெயரில் அவரும் பாடகர். பெயர் தெரியாத முன்னோரின் பாட்டு, பெயர் தெரிந்த தோழரின் பாட்டு, தாமே எழுதிய பாட்டு ஆகிய மூன்றையும் ஒரே மேடையில், ஒரே குரலில், வேற்றுமை தெரியாதவாறு பாடுவதே அவர் கலை. லிஸ்டூன்வார்னா இசைவிழாவைப் பற்றிய அவருடைய நகைச்சுவைப் பாட்டைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்த கூட்டம், அடுத்த பாட்டில் கண்ணீர் விடும்.

அவரே எழுதிய மற்றொரு பாட்டு, 1984-இல் வந்த ‘ரைடு ஆன்’ இசைத்தட்டில் இடம்பெற்றது. 1936-இல் ஸ்பெயினில் மக்களாட்சியைக் கவிழ்க்கப் பிராங்கோ படை திரட்டினான். அயர்லாந்தில் என்ன நடந்தது? ஏறத்தாழ 700 பேர் ஓ டஃபியின் தலைமையில் பிராங்கோவுக்குத் துணையாகச் சென்றனர். அவர்களைக் குருமார் வாழ்த்தி அனுப்பினர். மறுபுறத்தில், யாருடைய வாழ்த்தும் இன்றி, சிறு கூட்டம் ஒன்று மக்களாட்சியைக் காக்கச் சென்றது. அதிலே கவிஞர் சார்லி டானலி இருந்தார்; 1937 பிப்ரவரியில் ஹராமாப் போர்க்களத்தில் வீழ்ந்தார். ராபர்ட் ஹில்லியர்டு என்னும் புராட்டஸ்டண்டு போதகரும் இருந்தார். அவரும் அப்போரிலே உயிர் நீத்தார். ஊர் திரும்பியவர்களை வரவேற்க மாலையில்லை, பழிச்சொல்தான் காத்திருந்தது. திரும்பியவர்களுள் ஒருவர் மைக்கேல் ஓ ரியர்டன். அந்தத் தொண்டர்களின் வரலாற்றை நூலாக எழுதினார். அந்நூலைப் படித்த மூர், வீழ்ந்தவர்களின் பெயர்களைப் பாட்டிலே வரிசைப்படுத்தினார். பள்ளிப் புத்தகம் மறந்த பெயர்களை ஆயிரக்கணக்கானோர் மேடைக்கு முன் நின்று சேர்ந்து பாடினர். ஒரு நூலும் ஒரு பாட்டும் சேர்ந்தால் ஒரு தலைமுறையின் மறதியைப் போக்கலாம் என்பதற்கு இது சான்று.

1970-களில் வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தின் கார்ன்சோர் முனையில் அணுமின் நிலையம் அமைக்கத் திட்டமிட்டனர். எதிர்ப்பாளர் அங்கே கூடிய விழாவில் மூர் பாடினார். ஊர் ஊராகச் சென்றும் பாடினார். பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. பாட்டு மட்டுமே அதனைத் தடுத்தது என்று நாம் கூறோம். மிகையுரை பகுத்தறிவுக்கு ஆகாது. மக்கள் கூடினர், கூடிய மக்களின் மூச்சு பாட்டாக வந்தது. அவ்வளவே.

இன்னொன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். வட அயர்லாந்தின் குருதி தோய்ந்த ஆண்டுகளில், சிறைப்பட்ட குடியரசுப் போராளிகளுக்காக மூர் பாடினார்; ஆயுதப் போராட்டத்துக்கும் ஆதரவாக நின்றார். 1987 நவம்பர் 8-இல் எனிஸ்கில்லனில், போரில் மாண்டோருக்கு அஞ்சலி செலுத்தக் கூடிய பொதுமக்களிடையே குண்டு வெடித்தது. 11 பேர் மாண்டனர். அதன்பின் ஆயுதப் போராட்டத்துக்கான ஆதரவை அவர் விலக்கிக் கொண்டார். தாம் கொண்ட கருத்தைக் கண்முன் கிடக்கும் பிணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திக் கொள்ளும் நெஞ்சம் வேண்டும். பாடகரைத் தெய்வமாக்க நாம் எழுதவில்லை. தெய்வம் தவறாது என்பர். மனிதன் தவறுவான், திருந்துவான். மனிதனே மேல்!

•

இனி, தொடங்கிய இடத்துக்கு வருவோம்.

1981 பிப்ரவரி 14. காதலர் நாள். டப்ளினின் வடபகுதியில், ஆர்ட்டேன் என்னும் உழைப்பாளர் வாழும் பகுதியில், ‘ஸ்டார்டஸ்ட்’ என்ற நடனக் கூடம். 800-க்கும் மேற்பட்ட இளைஞர்களும் பெண்களும் ஆடிப்பாடிக் களித்திருந்தனர். நள்ளிரவு கடந்து தீப்பிடித்தது. விளக்குகள் அணைந்தன. புகை சூழ்ந்தது. வாயிலை நோக்கி ஓடினர். வாயில்கள் திறக்கவில்லை! 48 பேர் மாண்டனர். மூத்தவருக்கு வயது 27. இளையவர்க்கு 16. இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

விசாரணை நடந்தது. யாரோ வேண்டுமென்றே தீ வைத்திருக்கக் கூடும் என்று 1982-இல் அறிக்கை வந்தது. யார் வைத்தார்? பெயர் இல்லை. எப்படி வைத்தார்? சான்று இல்லை. ஆனால் பழி எங்கே போய் விழுந்தது? அங்கே ஆடவந்த பிள்ளைகளின் மீது! பிள்ளையை இழந்த தாய், ‘உங்களுள் ஒருவர்தானே வைத்தார்’ என்ற பார்வையையும் சுமந்தாள். கூடத்தின் உரிமையாளருக்கோ 1983-இல் 5 இலட்சம் பவுனுக்கு மேல் இழப்பீடு வழங்கப்பட்டது! எந்த விசித்திர நாடகத்திலும் இப்படியொரு காட்சி உண்டா?

மூர் எழுதினார். மகிழ்ச்சியாகப் புறப்பட்ட பிள்ளைகளையும், தீயையும், காத்திருந்த பெற்றோரையும் பாடினார். வெளியேறும் வாயில்கள் சங்கிலியிட்டுப் பூட்டப்பட்டிருந்ததையும் கூறினார். அந்த ஒரு செய்திதான் தைத்தது! தீயைப் பாடலாம், கண்ணீரைப் பாடலாம், பூட்டைப் பாடக் கூடாது! தீவிபத்தைப் பற்றிய வழக்குகள் முடிவுறாத நிலையில் இப்பாட்டு நீதியின் போக்கைப் பாதிக்கும் என்று 1985-இல் நீதிமன்றம் முடிவு செய்தது. ‘சாதாரண மனிதன்’ இசைத்தட்டு திரும்பப் பெறப்பட்டது. அந்த இடத்தில் மூர் எழுதிச் சேர்த்த பாட்டின் பெயர் என்ன தெரியுமா? ‘இன்னொரு பாட்டு பிறந்தது’!

பாட்டு நின்றது. பெற்றோர் நிற்கவில்லை. கதவு கதவாகத் தட்டினர். ஆண்டுகள் ஓடின, தட்டிய கைகள் முதுமையடைந்தன, சில கைகள் மண்ணுக்குள் போயின. 2009-இல் நடந்த மறு ஆய்வு, தீ வைக்கப்பட்டது என்பதற்குச் சான்று இல்லை எனக் கூறிற்று. பிள்ளைகளின் மேல் விழுந்த கறை நீங்க 28 ஆண்டுகள்! 2019-இல் புதிய மரண விசாரணைக்கு ஒப்புதல் கிடைத்தது. 2023 ஏப்ரலில் அது தொடங்கிற்று. முதல் வேலையாக, மாண்ட ஒவ்வொருவரைப் பற்றியும் குடும்பத்தார் எழுந்து பேசினர். 48 என்ற எண், 48 மனிதர்களாயிற்று.

2024 ஏப்ரல் 18-இல் ஜூரிகள் முடிவு கூறினர்: 48 பேரும் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர். தீக்குக் காரணம் மின்கோளாறு. வாயில்கள் பூட்டப்பட்டோ, சங்கிலியிடப்பட்டோ, அடைபட்டோ இருந்தது, தப்பிச் செல்வதைத் தடுத்தது. ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 23-இல், நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று அந்நாட்டுப் பிரதமர் மன்னிப்புக் கேட்டார்.

பாட்டு கூறியது என்ன? வாயில் பூட்டியிருந்தது என்று. ஜூரிகள் கூறியது என்ன? வாயில் பூட்டியிருந்தது என்று! 1985-இல் அவமதிப்பு, 2024-இல் தீர்ப்பு! இடையே 39 ஆண்டுகள். வழக்கு நடக்கும்போது பொதுப்பேச்சு நீதிக்கு ஊறு செய்யும் என்னும் விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த விதி பாட்டை நிறுத்திய விரைவு, உண்மையைக் காண்பதில் எங்கே போயிற்று? பாட்டின் வாயை மூட ஓராண்டு ஆகவில்லை. பூட்டிய கதவைப் பற்றி உரக்கக் கூற நாற்பதாண்டு ஆயிற்று!

•

மூர் ஓயவில்லை. 2007-இல் அயர்லாந்தின் வாழும் இசைக்கலைஞர்களுள் தலைசிறந்தவர் என மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். 79-ஆம் வயதில், 2024-இல், ‘கொடிய அழகு’ என்னும் பொருள்படும் பெயரோடு மேலும் ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். வங்கி எழுத்தராக இருந்திருந்தால் ஓய்வூதியம் பெற்று ஒதுங்கியிருப்பார். பேரேட்டில் அவர் எழுதியிருக்கக் கூடிய கணக்கை யார் நினைவில் வைப்பார்? பாட்டில் அவர் எழுதிய கணக்கு, 48 பேர் என்னும் கணக்கு, அழியவில்லை.

இளைஞர்களே! பழமையைக் கண்டால் இரு கூட்டத்தார் இரு வகையாக நடப்பர். ஒரு கூட்டம் விழுந்து கும்பிடும். ஒரு கூட்டம் வாரிக் குப்பையில் கொட்டும். இரண்டுமே எளிய வழிகள். மூன்றாம் வழி ஒன்று உண்டு: கையில் எடுத்து உற்றுப் பார்ப்பது. இப்பாட்டு யாருடைய துயரில் பிறந்தது? எதை வெளிப்படுத்திற்று? எதில் தவறிற்று? இன்று அதே துயர் எந்த வீட்டில், எந்த வாயிலில் நிற்கிறது? இப்படிக் கேட்டவர்க்கே பழம்பாட்டு வழிவிடும், புதுப்பாட்டு பிறக்கும்.

பாய்ல் ஊரில் வறுமையில் மாண்ட ஜான் ரைலிக்கு இசை இலக்கணம் கற்பித்தவர் இல்லை. ஆனால் ஒன்றை அவர் அறிந்திருந்தார்: கேட்ட உண்மையை அடுத்தவன் காதில் போடாமல் சாகக் கூடாது. கிறிஸ்டி மூர் கேட்டார், பாடினார். இனி, கேட்க வேண்டியவர் நாம்.